மாத்திரையைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்



போன வாரம் மட்டும் என் வாட்ஸ்அப்புக்கு ஐந்து படங்கள் வந்தன. ஐந்தும் மாத்திரைப் படங்கள். உள்ளங்கையில் ஒன்று, காலண்டர் தாளின் மேல் இரண்டு, எவர்சில்வர் தட்டில் ஒன்று, வெறும் தரையில் ஒன்று. "சார், அம்மா பீரோவில் இது கிடந்தது, என்ன மாத்திரைன்னு தெரியலை." "பெரியப்பா, இது காய்ச்சல் மாத்திரைதானே, போட்டுக்கலாமா?" இப்படியே ஐந்தும்.

ஐந்து பேருக்கும் ஒரே பதில்தான் போட்டேன். "தெரியாது. சாப்பிட வேண்டாம்." அதில் ஒருவனுக்கு, 1994 செட் பையன், கொஞ்சம் வருத்தம். "முன்னாடியெல்லாம் பார்த்தவுடனே சொல்லிடுவீங்களே சார், இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

ஆமாம். முன்பெல்லாம் சொன்னேன். முப்பத்து நான்கு வருடம் வேதியியல் நடத்தியவன், மருந்துப் பெயர்களைப் படித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரியும், அந்தத் தைரியம். ஏன் நிறுத்தினேன் என்று இதுவரை குடும்பத்துக்கு வெளியே சொல்லவில்லை. இன்றைக்கு அக்காவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "எழுதிக்கோ, என் பேரை மட்டும் போடாதே" என்றாள். பதிவு நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

போன வருடம் தை மாதம் அத்தான் காலமானார். அவருக்கு இருபது வருட சர்க்கரை. அக்காவுக்கு சர்க்கரை கிடையாது, பிரஷர் மட்டும். அத்தானுக்குக் கை விரல்களில் மூட்டுவலி. தினமும் அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுப்பது கஷ்டம் என்று, வாங்கி வந்த அன்றே எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்துவிடுவார். அட்டை குப்பைக்குப் போய்விடும். அக்காவும் அதே பழக்கம், வேறு டப்பா. அவர் போன பிறகு வேட்டி சட்டையை எல்லாம் எடுத்துக் கொடுத்தோம், கண்ணாடியை எடுத்து வைத்தோம், மாத்திரை டப்பாவை யாரும் நினைக்கவில்லை. அது அடுப்படி அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஆடி மாதம் அக்காவின் மாத்திரை தீர்ந்துபோயிற்று. மருந்துக்கடைக்குப் போக ஆள் இல்லை. அலமாரியைத் துழாவியபோது அந்த டப்பா கிடைத்தது. உள்ளே பதினொரு மாத்திரை. சின்னது, வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. அவள் தினமும் போடும் பிரஷர் மாத்திரையும் சின்னது, வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கிறது. பேரனைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பச் சொன்னாள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுபத்து மூன்று வயசு, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அவள் சந்தேகப்பட்டாள். படித்த தம்பி நான் சந்தேகப்படவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சாப்பிடும் மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும், ஆம்லோடிபின் 5 மி.கி. இணையத்தில் அதன் படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அச்சு அசலாக அதே. இரண்டே நிமிடத்தில் பதில்: "ஆம் அக்கா, பிரஷர் மாத்திரையேதான். தாராளமாகச் சாப்பிடலாம்." அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

அது அத்தானின் சர்க்கரை மாத்திரை. கிளிபென்கிளமைடு 5 மி.கி.

முதல் இரண்டு நாள் உடம்பு அசதியாக இருந்தது, உள்ளங்கை வேர்த்தது என்று பிறகு சொன்னாள். புழுக்கம் என்று நினைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஆடிக் கிருத்திகை. அக்கா அன்றைக்கு அன்னம் தொடமாட்டாள். காலையில் குளித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மோர் மட்டும் குடித்துவிட்டுக் கோவிலுக்குப் போய் வந்திருக்கிறாள். மூன்று நான்கு மணி இருக்கும், பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தபோது கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். புடவை முழுக்க வேர்வையில் நனைந்து, கண் எங்கேயோ பார்த்துக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டு, செத்துப்போன அத்தானோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். கிருத்திகை நாள் அல்லவா, வந்த இன்னொருத்தர் "அம்மாவுக்கு சாமி வந்திருக்கு, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். கற்பூரம் ஏற்றினார்களாம். இருபது நிமிடம் அப்படிப் போயிற்று. நல்லவேளை, பேரன் வந்து பார்த்துப் பயந்து 108க்குப் போன் போட்டான்.

வண்டியிலேயே விரலில் குத்திப் பார்த்தார்கள். 38. சாப்பிடாத வயிற்றில்கூட 70க்குக் கீழே போகக் கூடாத எண் அது.

குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். "நான் எங்கடா இருக்கேன்?" என்றாள். விரதம் இருந்ததால் வந்த மயக்கம், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பத் தயார். பணியிலிருந்த டாக்டர், சின்னப் பெண், விடவில்லை. "சுகர் மாத்திரை எடுத்துக்கிறாங்களா?" என்று கேட்டார். "சுகரே கிடையாதே" என்றோம். "அப்ப ஒரு நாள் விரதத்துக்கு இவ்வளவு இறங்காது. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டு வாங்க" என்றார். மருமகன் டப்பாவோடு வந்தான். டாக்டர் மாத்திரையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "இதைப் பார்த்து என்னால சொல்ல முடியாது சார். இறந்துபோனவரோட பழைய சீட்டு இருக்கா?"

எம்.பி.பி.எஸ். படித்து, தினமும் நூறு மாத்திரை எழுதுகிறவர் அவர். சொல்ல முடியாது என்று சொன்னார். நான் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருந்தேன்.

சீட்டு கிடைத்தது. அதோடு அத்தானின் கைப்பையில் ஓரம் கிழிந்த ஒரு அட்டையும் கிடைத்தது, உள்ளே பிதுக்காமல் விட்ட ஒரே ஒரு மாத்திரையோடு. பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அக்காவுக்கு மறுபடியும் 52க்கு இறங்கியது. இந்த வகை மாத்திரை கணையத்தை விடாமல் இன்சுலின் சுரக்க வைக்கும், வயசானவர்களுக்கு, சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானவர்களுக்கு, ஒரு நாளுக்கு மேலும் வேலை செய்துகொண்டே இருக்கும், ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் வீட்டில் தூக்கத்திலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் விளக்கினார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவு வந்ததெல்லாம் நம் பள்ளி ஆய்வகம்தான்.

பிளஸ் டூ செய்முறையில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டம் போடுவோம். சோதனை, உற்றுநோக்கல், அறிவன. முதல் சோதனையே நிறம். உப்பு வெள்ளையாக இருந்தால் 'அறிவன' கட்டத்தில் என்ன எழுதச் சொல்வேன்? "தாமிரம், இரும்பு, நிக்கல், கோபால்ட் இல்லாமல் இருக்கலாம்." இருக்கலாம் என்ற அந்த 'லாம்' விடுபட்டால் அரை மார்க் குறைப்பேன். கஞ்சன் வாத்தியார் என்று பெயர் வாங்கியது அந்த அரை மார்க்கில்தான். நீல மயில்துத்தத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் போய் வெள்ளைத் தூளாகிவிடும். தாமிரம் உள்ளே பத்திரமாக இருக்கும், நிறம் மட்டும் பொய் சொல்லும். அதற்குத்தான் அந்த 'லாம்'.

தோற்றத்தை வைத்து "இது அது இல்லை போலிருக்கிறது" என்று சொல்லலாம். "இது இதுதான்" என்று சொல்வதற்குக் கடைசிவரை போய் உறுதிச் சோதனை செய்ய வேண்டும். நைட்ரேட் என்றால் பழுப்பு வளையம் வர வேண்டும். வராமல் நைட்ரேட் என்று எழுதியவனுக்கு மார்க் இல்லை.

ஒரு வருடம் பொதுத்தேர்வில் ஒரு பையன், நல்லாப் படிக்கிற பையன், உப்பைப் பார்த்தவுடனே "மெக்னீசியம் சல்பேட்" என்று முடிவுகட்டிப் பின்னோக்கி நோட்டை நிரப்பிவிட்டான். வந்தது ஜிங்க் சல்பேட். இரண்டும் நிறமில்லாத ஊசி ஊசியான படிகங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஒன்று பேதிக்குக் கொடுக்கிற எப்சம் உப்பு, மற்றது வாந்தியெடுக்க வைப்பது. அவனை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினேன். தம்பி, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு மன்னித்துக்கொள். நீ மார்க்கைத்தான் இழந்தாய். நான் உறுதிச் சோதனையை என் அக்கா உடம்பிலேயே செய்தேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். சின்ன வெள்ளை வட்டம் என்பது ஒரு மாத்திரையின் அடையாளமே இல்லை. பிரஷருக்கு, சர்க்கரைக்கு, தைராய்டுக்கு, வலிப்புக்கு, தூக்கத்துக்கு, அலர்ஜிக்கு, ஸ்டீராய்டு என்று எல்லாவற்றிலும் சின்ன வெள்ளை வட்டம் உண்டு. மாத்திரையின் எடையில் பெரும்பங்கு மருந்தே அல்ல. 5 மி.கி. மருந்து என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துணுக்கு. அதைக் கையில் பிடிக்கிற அளவுக்கு ஆக்க மாவுச்சத்து, லாக்டோஸ், செல்லுலோஸ் என்று சேர்த்து அழுத்துகிறார்கள். எல்லாம் வெள்ளை. ஆக நீங்கள் பார்ப்பது மருந்தை அல்ல, மாவை.

நிறம் போட்ட மாத்திரைகள் இன்னும் மோசம், ஏனென்றால் நிறம் இருந்தால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அமரில் என்ற பெயரில் வருவதில் 1 மி.கி. இளஞ்சிவப்பு, 2 பச்சை, 3 வெளிர் மஞ்சள், 4 வெளிர் நீலம். அழகான ஏற்பாடு. ஆனால் அதே மருந்தை வேறு பெயரில் போடும் கம்பெனி அதே நிறத்தைப் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "நான் பச்சை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று டாக்டரிடம் சொல்கிறவர்கள் நம் குடும்பத்திலேயே நாலு பேர் இருக்கிறீர்கள். கடையில் அந்தக் கம்பெனி இல்லை, வேறு கொடுத்தார்கள் என்றால் உங்கள் பச்சை அன்றோடு செல்லாது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். இதய வால்வு மாற்றியவர்களுக்குத் தெரியும், அளவு கொஞ்சம் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் உறைகட்டி. அவ்வளவு நுணுக்கமான மருந்து. இங்கிலாந்தில் 5 மி.கி. வார்ஃபரின் இளஞ்சிவப்பு. அமெரிக்காவில் இளஞ்சிவப்பு என்றால் 1 மி.கி. லண்டன் மகன் வீட்டில் மூன்று மாதம், நியூஜெர்சி மகள் வீட்டில் மூன்று மாதம் என்று போய் வருகிற பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். நிறத்தை நம்பினால் ஐந்து மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார்கள், அது மற்ற நாட்களில். பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் வட்டம். இரண்டையும் அட்டையிலிருந்து எடுத்து ஒரே டப்பாவில் போட்டு, மாற்றி தினமும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். உலகம் முழுக்க இப்படி உயிர் போயிருக்கிறது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவை மேலே படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் எழுந்து போய் டப்பாவைப் பாருங்கள்.

"சார், அமெரிக்காவில் மாத்திரை மேலேயே எழுத்து இருக்குமே, அதைத் தட்டினால் பெயர் வருமே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே 1990களின் நடுவிலிருந்து விதி. சில விலக்குகள் தவிர, ஒவ்வொரு மாத்திரையிலும் கேப்சூலிலும் ஒரு குறியீடு பொறித்திருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை, அளவு, வடிவம், நிறத்தோடு சேர்த்துப் பார்த்தால் எந்த மருந்து, எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கே கடையில் தரும் ஆரஞ்சு நிறப் புட்டியில்கூட, உள்ளே இருக்கும் மாத்திரை எப்படி இருக்கும், அதன் மேல் என்ன எழுதியிருக்கும் என்று பல கடைகளில் அச்சடித்துத் தருகிறார்கள். மகன் வீட்டுக்குப் போனபோது அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லை. சில கம்பெனிகள் போடுகின்றன, பெரும்பாலானவற்றில் ஒரு கோடு மட்டும். கோடு பாதியாக உடைப்பதற்கு, அடையாளத்துக்கு இல்லை.

அங்கேயும் அது முழுப் பாதுகாப்பு இல்லை. ஒருபக்கம் 'எம்', மறுபக்கம் '30' என்று பொறித்த நீல மாத்திரை ஒன்று, வலிக்குக் கொடுக்கும் ஆக்சிகோடோன். அதே நீலம், அதே எழுத்தோடு போலி அச்சில் அடித்து ஃபெண்டனில் கலந்து விற்கிறார்கள். அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்பு முகமை 2023இல் தன் ஆய்வகத்தில் சோதித்த ஃபெண்டனில் கலந்த போலி மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இருந்தது என்று அறிவித்தது. கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் என் அமெரிக்க மாணவர்களே, நண்பன் கொடுத்த மாத்திரை என்ற பேச்சே வீட்டில் இருக்கக் கூடாது. எழுத்து சரியாக இருக்கிறதே என்பது பதில் இல்லை.

படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமே 'பில்பாக்ஸ்' என்று ஒரு தளம் நடத்தியது, நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான மாத்திரைப் படங்களோடு. செல்போன் படத்தை அதோடு பொருத்திச் சொல்லும் நிரலுக்கு 2016இல் போட்டியே வைத்தார்கள். 2021 ஜனவரியில் அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு மாத்திரையிலும் எழுத்து இருக்கும் நாட்டு நிலவரம் இது. எழுத்தே இல்லாத நம் வெள்ளை வட்டத்தை நம் அடுப்படி மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தை வைத்து ஒரு செயலி பெயர் சொன்னால், அது நான் சொன்ன மாதிரிதான் சொல்லும். தைரியமாக, இரண்டு நிமிடத்தில். போன் கேமரா நிறத்தை மாற்றும், திரை ஒருமுறை மாற்றும், கண்புரை வந்த நம் கண் கடைசியாக ஒருமுறை மாற்றும். புரை அறுவை செய்துகொண்ட மறுநாள் என் வீட்டுச் சுவர் வெள்ளை என்று எனக்கே தெரிந்தது, பத்து வருடமாகச் சந்தன நிறம் என்று நினைத்திருந்தேன்.

ஆக, நம் ஊரில் மாத்திரையின் அடையாளம் மாத்திரையில் இல்லை, அட்டையில் இருக்கிறது. மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மி.கி., பேட்ச் எண், காலாவதி மாதம், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு எல்லாம் அங்கேதான். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு க்யூஆர் கோடு கட்டாயம் ஆனது, அதுவும் உறையில்தான். அட்டையிலிருந்து பிதுக்கிய நொடியில் அது பெயரில்லாத மாவு உருண்டை.

இங்கேதான் எனக்கு மருந்துக்கடைக்காரர்கள் மேல் ஒரு கோபம். என் மாணவர்களிலேயே சிலர் கடை வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறீர்கள். அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். மூன்று நாள் மாத்திரைக்குத்தான் காசு இருக்கிறது என்பவனிடம் முழு அட்டை வாங்கு என்று சொல்வது அநியாயம். நானும் அப்படி வாங்கியவன்தான். ஆனால் காலாவதித் தேதி உள்ள துண்டு உங்களிடம், பேர் பாதி அறுந்த துண்டு அவனிடம். ஒரு சின்னக் கவரில் போட்டு மருந்தின் பெயர், மி.கி., காலாவதி மாதம் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகுமா? காலை, மதியம், இரவு என்று கவரில் கோடு போடத் தெரிகிற பேனாவுக்குப் பெயர் எழுதவும் தெரியும். சில கிளினிக்குகளில் டாக்டர்களே அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெள்ளை ரெண்டு, மஞ்சள் ஒன்று என்று. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், கேளுங்கள். உங்கள் உடம்புக்குள் போகும் பொருளின் பெயரைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மாத்திரையிலேயே குறியீடு பொறிக்க வேண்டும் என்று நம் அரசும் விதி போட வேண்டும் என்பது என் கட்சி. செலவு கூடும் என்பார்கள். எழுத்து வெட்டிய அச்சு ஒன்று லட்சக்கணக்கான மாத்திரை அடிக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த பேரன் வீட்டுக்கு ஒருவன் இருக்கிற இந்தக் காலத்தில் இதைச் செய்யாமல் எப்போது செய்யப்போகிறோம்? ஆனால் விதி வரும்வரை நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

அக்கா வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். அத்தானின் மாத்திரை எல்லாவற்றையும் காபிச் சக்கையோடு கலந்து கவரில் கட்டிக் குப்பையில் போட்டோம். இன்னொரு வீட்டில் துக்கம் நடந்தால் பதினாறாம் நாளுக்குள் இதைச் செய்துவிட வேண்டும் என்று குடும்பத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். சிலருக்கு அது அபசகுனமாகப் படுகிறது, படட்டும்.

மாத்திரையை அட்டையிலிருந்து முன்கூட்டியே எடுப்பதில்லை. விரல் வலிக்கிறதென்றால் அட்டையையே ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, உறையோடு ஏழு நாள் டப்பாவில் போடுகிறோம். பேரன் அதன் ஓரத்தை மட்டும் லேசாகக் கீறி வைக்கலாமா என்றான். ஈரம் ஏறிவிடும், வேண்டாம் என்றேன். உறையோடு விழுங்கிவிடக் கூடாது என்பதால் அக்கா எடுக்கும்போது மருமகள் பக்கத்தில் நிற்கிறாள். தனியாக இருப்பவர்களுக்கு இந்த முறை சரிப்படாது, பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். டப்பாவை நிரப்புவது ஒரே ஆள், ஞாயிற்றுக்கிழமை, பகல் வெளிச்சத்தில், சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டு பேர் நிரப்பினால் இரண்டு தடவை விழும்.

சமையலறைக் கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்கு, எப்போது. நிறம் என்று ஒரு கட்டம் போடலாமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். கம்பெனி மாறினால் அட்டையில் உள்ள பொதுப்பெயரும் மி.கி.யும் தாளோடு பொருந்துகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். பொருந்தினால் சாப்பிடலாம். பொருந்தாவிட்டால், எழுத்து ஒன்று மாறினாலும், கடைக்குப் போன்.

ஒரு பழைய பழக்கத்தை மட்டும் விடவில்லை. தினமும் சாப்பிடும் மாத்திரை திடீரென வேறு மாதிரி தெரிந்தால் நிறுத்திக் கேட்பது. தோற்றத்துக்கு அந்த வேலை உண்டு. "ஏன் மாறியிருக்கு?" என்ற கேள்வியைக் கிளப்பும் வேலை. நம் 'அறிவன' கட்டத்து முதல் வரி மாதிரி.

பேரக்குழந்தைகள் கோடை விடுமுறைக்கு வரும் வீடுகளில் தரையில் உருண்டு ஓடிய ஒரு மாத்திரையைத் தேடி எடுக்காமல் விடாதீர்கள். அக்கா சாப்பிட்ட அந்த வகை சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், இரண்டு வயசுக் குழந்தைக்கு ஆபத்து. யாராவது தெரியாத மாத்திரையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், புளிக்கரைசல் உப்புத்தண்ணீர் எதுவும் வேண்டாம். 108. வீட்டில் இருக்கும் எல்லா அட்டையும், எல்லாச் சீட்டும், காலி அட்டை உட்பட, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். டெல்லி எய்ம்ஸில் விஷமுறிவுத் தகவல் மையம் ஒன்று 24 மணி நேரமும் இயங்குகிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கும் முதலில் வேண்டியது பெயர்தான்.

அக்கா என் மேல் ஒருநாளும் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "நீ என்னடா பண்ணுவே, படத்துல அப்படித்தானே இருந்தது" என்றாள். போன மாதம் ஒரு சளி மருந்தைக் காட்டி, "நீ சொன்னா குடிக்கிறேன்" என்றாள். இத்தனைக்கும் பிறகு. அதுதான் எனக்குப் பயம். உங்களில் பலரும் அப்படித்தான், சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று. படம் வந்தால் இனி என் பதில் ஒன்றே. அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எழுத்து தெரிகிற மாதிரி. பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. என்ன மருந்து என்று அதிலிருந்து சொல்வேன். சாப்பிடலாமா என்று டாக்டர் சொல்வார்.

மருத்துவர்களாகவும் மருந்தாளுநர்களாகவும் இருக்கும் என் மாணவர்கள், நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் கீழே திருத்துங்கள். மார்க் குறைக்க மாட்டேன்.